பச்சைப் பெட்டிக்குள் யார் இருக்கிறார்?

பெங்களூரு விமான நிலையத்தில் தரைப்பணி பார்க்கும் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு (சேஃப்டி) பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். இப்போது அதே வேலையை ஆலோசகராகப் பல நிறுவனங்களுக்குச் செய்கிறேன். என்ன வேலை என்று அம்மா கேட்டால் “கம்ப்யூட்டர்ல படம் வரையறேன்” என்பேன். பொய்யில்லை.

அந்தப் படத்துக்குப் பெயர் போ-டை. கழுத்தில் கட்டுகிற போ-டை மாதிரியே, நடுவில் ஒரு முடிச்சு, இருபுறமும் விரிந்த இறக்கை. முடிச்சு என்பது கட்டுப்பாடு நம் கையை விட்டுப் போகும் நொடி. விபத்து அல்ல, அதற்குச் சற்று முன். உதாரணமாக, ‘பெல்ட் லோடர் நிற்காமல் விமானத்தை நெருங்குகிறது’. பெல்ட் லோடர் என்பது பெட்டிகளை விமானத்துக்குள் ஏற்றும் வண்டி. இடது பக்கம் அதற்கான காரணங்கள்: பிடிக்காத பிரேக், மழையில் வழுக்கும் தரை, தூக்கக் கலக்கம். வலது பக்கம் விளைவுகள்: ஆளுக்கு அடி, விமானத்துக்கு அடி, அடிபட்டது தெரியாமலே விமானம் கிளம்பிவிடுவது. நடுநடுவே பெட்டி பெட்டியாகத் தடுப்புகள். எங்கள் ஆபீஸ் பாஷையில் பேரியர். ஒவ்வொரு பேரியரையும் எது பலவீனமாக்கும் என்பதையும் கீழே தொங்கவிடலாம். மென்பொருளில் ஒரு பெட்டியைச் சொடுக்கி, யார் பொறுப்பு, எவ்வளவு வலு என்று நிரப்பினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஏறும்.

இது எண்ணெய்த் தொழிலில் வளர்ந்த முறை. 1988 ஜூலையில் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஷெல் நிறுவனம் இதைக் கையிலெடுக்க, மெல்ல விமானத்துறைக்கும் வந்தது. அதுவரை எங்களுக்கு 5-க்கு 5 கட்டம்தான் கதி. எவ்வளவு அடிக்கடி நடக்கும், நடந்தால் எவ்வளவு மோசம் என்று பார்த்து ‘4சி’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். எது அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கட்டம் சொல்லாது. போ-டை அதைச் சொல்லும். ஆனால் நாம் உண்மையை நிரப்பினால்தான் சொல்லும்.

லோடர் படத்தை முதலில் வரைந்தபோது இடது பக்கம் ‘பிரேக் சோதனை’ என்று ஒரு பெட்டி போட்டேன். விமானத்தைச் சுற்றியுள்ள கோட்டுக்கு வெளியே வண்டியை ஒருமுறை முழுதாக நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். விதி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. பச்சை அடித்தேன்.

அந்த வாரம் ராத்திரி ஷிஃப்டில் ராம்ப்புக்கு, அதாவது விமானங்கள் நிற்கும் தளத்துக்குப் போனேன். லோடர் ஓட்டுபவர் கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டி கோட்டருகே வந்தது, லேசாகத் தயங்கியது, நிற்காமல் உள்ளே நழுவியது. முன்னால் இருக்கிற ரப்பர், சரக்குக் கதவின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“என்னண்ணா, கோட்டுல நிறுத்தலையே?”

“நிறுத்துனா தெரிஞ்சிடும் மேடம்.”

“என்ன தெரிஞ்சிடும்?”

“பிரேக் இழுக்குறது. ரெண்டு மாசமா இப்படித்தான். எழுதிக் குடுத்தா வண்டிய ஓரங்கட்டிடுவாங்க. வேற லோடர் கிடையாது. ஃப்ளைட் லேட்டானா யாரைக் கேப்பாங்க?”

பிரேக் கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை. கோளாறு இருப்பதாலேயே சோதனை நடக்கவில்லை. என் பச்சைப் பெட்டிக்குள் ஆளே இல்லை.

வலது பக்கம் இன்னும் சங்கடமானது. லோடர் தட்டிவிட்டால், விமானம் கிளம்புமுன் எங்களுக்கு இருக்கிற வலுவான தடுப்பு ஒன்றுதான்: தட்டியவர் வாயைத் திறந்து சொல்வது. அலுமினிய உடலில் பள்ளமாவது கண்ணுக்குத் தெரியும். போயிங் 787 போன்ற கார்பன் இழை விமானங்களில் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அங்கேயும் ‘உடனே தெரிவித்தல்’ என்று எழுதிப் பச்சை அடித்திருந்தேன். சொன்னால் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்று பயப்படுகிற ஒருவரை நம்பித்தான் அந்தப் பச்சை.

பெங்களூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஜனவரி 9. வடக்கு, தெற்கு என்று இரண்டு ஓடுபாதைகள், இரண்டு டவர் கட்டுப்பாட்டாளர்கள். வடக்கு ஓடுபாதை ஒன்றையே பயன்படுத்துவது என்று ஷிஃப்ட் பொறுப்பாளர் முடிவெடுத்தார். அது தெற்கு டவருக்குப் போய்ச் சேரவில்லை. கொல்கத்தாவுக்கு ஒன்று, புவனேஸ்வருக்கு ஒன்று என இரு விமானங்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஏறி, ஒன்றையொன்று நெருங்கின. ரேடாரில் இருந்தவர் கவனித்து இருவரையும் வெவ்வேறு திசைக்குத் திருப்பினார். இதைப் போ-டையில் வரைந்தால் இடது பக்கம் ‘இரு டவர்களின் ஒருங்கிணைப்பு’ என்று ஒரு பெட்டி வரும். பார்க்க வலுவாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம். அன்று தாங்கியது வலது பக்கத்தில் இருந்த ஒரு ஜோடிக் கண்.

மங்களூரு விமான விபத்து இன்னும் கனமானது. 2010 மே 22, 158 பேர் இறந்தார்கள். விமானம் மிக உயரத்தில், மிக வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் கேப்டன் நெடுநேரம் தூங்கியிருந்தார் என்பதை காக்பிட் ஒலிப்பதிவு காட்டியது. தரையிறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கருவியின் எச்சரிக்கையும் ஒலித்தது. படத்தில் ‘துணை விமானியின் கண்காணிப்பு’ ஒரு பெட்டி, ‘எச்சரிக்கைக் கருவி’ ஒரு பெட்டி, ‘மீண்டும் மேலேறுதல்’ ஒரு பெட்டி. மூன்றும் பச்சையாக இருந்திருக்கும். மூன்றும் போய் முடிந்தது தூங்கி எழுந்த ஒரே மனிதரின் கையில். பேரியர் என்றால் ஒன்றைக் காண வேண்டும், முடிவெடுக்க வேண்டும், செய்ய வேண்டும். காண்பது மட்டும் நடந்தால் அது பேரியர் இல்லை, சாட்சி.

அதனால் இப்போது ‘பயிற்சி’ என்றோ ‘எஸ்ஓபி’ (எழுதிவைத்த செயல்முறை) என்றோ யாராவது பெட்டி போட்டால் அழித்துவிடுகிறேன். கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். பயிற்சி பெற்றவர் எந்த நேரத்தில் எதைப் பார்த்து என்ன செய்கிறார் என்பதுதான் பெட்டி. அப்புறம் வருகிற ஒவ்வொரு சம்பவ அறிக்கையையும் மென்பொருளில் எந்தப் பெட்டி உடைந்தது என்று கோத்து வைக்கிறேன். ஆறு மாதம் ஒரு அறிக்கைகூட வராத பெட்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

பிரேக் சோதனையைச் சிவப்பாக்கி மேலாளரிடம் காட்டினேன். “ஆடிட் வருது, படம் பாக்க நல்லா இல்லையே” என்றார் முதலில். மூன்று வாரம் கழித்து இன்னொரு லோடர் வந்தது, பழையது பட்டறைக்குப் போனது. படத்தைப் பெரிதாக அச்செடுத்து கிருஷ்ணகிரி அண்ணாவிடம் காட்டப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக நிதானமாகப் படித்தார். ஒன்றில் விரலை வைத்தார். ‘வண்டிக்கு வழிகாட்டுபவர்.’

“இது யாரு மேடம்?”

“லோடர் கிட்ட வரும்போது கீழ நின்னு கை காட்டுறவரு.”

“ராத்திரி ரெண்டு மணிக்கு மேல அதுவும் நான்தான்” என்றார். “இறங்கிப் பாத்துட்டு, திரும்ப ஏறி ஓட்டுவேன்.”