தளர்வு அல்ல, இளக்கம்

கிளிநொச்சியில் ஒரு பொது மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக்கலையை மெதுவான உடற்பயிற்சியாகப் பழகுகிறோம். வருபவர்களில் பாதிப்பேர் ஓய்வூதியர்கள், மீதிப்பேருக்கு முழங்கால் நோ. பயிற்றுநர் கையேட்டைப் பார்த்து, "தளருங்கள், இன்னும் நன்றாகத் தளருங்கள்" என்பார். உடனே தோள்கள் தொங்கும், முதுகு கூனும், முழங்கால் சோர்ந்து மடியும். போன மாதம் எனக்குப் பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் கையைக் கீழே போட்டுவிட்டார். "தம்பி, தளரச் சொல்லாதேங்கோ. தளர்ந்துபோய்த்தானே நான் இங்க வந்தனான்."

ஐயா பிழையாக விளங்கவில்லை. அவருக்குக் கொடுத்த சொல்தான் பிழை.

சீனத்தில் அந்தச் சொல் 'சொங்'. பழைய எழுத்துவடிவில் மேலே நீண்ட மயிரைக் குறிக்கும் உறுப்பு இருக்கும், கீழே ஒலிக்காகச் சேர்த்த பைன் மரம். முடிந்த கூந்தலை அவிழ்த்துவிட்டால் விழுமே, அந்த இலகுதான் பொருள். இன்றைய சுருக்க எழுத்தில் கூந்தல் போய் மரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சொல்வரலாறு இவ்வளவு போதும்.

'தளர்வு' எப்படி இங்கே வந்து குந்தியது? ஆங்கிலத்தில் அதை 'ரிலாக்ஸ்', அதாவது ஓய்வாக இருப்பது, என்று எழுதினார்கள். அதைப் பார்த்துத் தமிழாக்கியவர் அகராதியில் கிடைத்த முதற்சொல்லை எடுத்துவிட்டார். சீனத்தையும் பார்க்கவில்லை, தமிழையும் காதால் கேட்கவில்லை. தளர்ந்த வயது, தளர்ந்த நடை, மனந்தளராதே. தமிழில் உடம்போடும் மனத்தோடும் இந்தச் சொல் சேரும் இடமெல்லாம் வலு குறைந்துபோவதைத்தான் சொல்கிறது. ஊரடங்குத் தளர்வு என்கிறோம். அது சட்டத்துக்குச் சரி, முதுகெலும்புக்குச் சரிவராது.

தாய்ச்சி ஆசான் யாங் செங்ஃபூ (1883–1936) சொல்ல, மாணவர் சென் வெய்மிங் எழுதிவைத்த பத்து நெறிகளில் மூன்றாவது இடுப்பைப் பற்றியது. இடுப்பு சொங் ஆனால்தான் இரண்டு பாதங்களுக்கும் வலு வரும், கீழுடம்பு உறுதியாக நிற்கும் என்கிறது அது. இதிலே 'தளர்வு' என்று போட்டு வாசித்துப் பாருங்கள்: இடுப்புத் தளர்ந்தால் கால் வலுக்கும். எந்த ஊரில் நடக்கும் இது? இடுப்புத் தளர்ந்தவரை நாங்கள் கைத்தாங்கலாக அல்லவா கூட்டிப்போகிறோம். மூலத்தின் கருத்தையே தலைகீழாக்குகிற சொல்லை மொழிபெயர்ப்பு என்று எப்படி ஏற்பது?

'நெகிழ்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். அதன்மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை. ஆனாலும் குறளில் 'தொடியொடு தோள்நெகிழ' என்று வருவது பிரிவாற்றாமல் தோள் மெலிந்து வளை கழல்வதைத்தான். இப்போதோ நெகிழ்ந்துபோனேன் என்றால் கண்கலங்கினேன் என்று பொருள். நெகிழி பிளாஸ்டிக்காகிவிட்டது. நெகிழ்வுத்தன்மை என்றாலோ அலுவலகப் பயிலரங்கு நினைவுக்கு வருகிறது. நல்ல சொல்தான், ஆனால் இப்போது அதன் தலையில் சுமை கூடிவிட்டது.

சரியான சொல் எங்கள் வாயிலேயே இருக்கிறது: இளக்கம். மாட்டுக் கயிறு இறுகிவிட்டால் "கொஞ்சம் இளக்கி விடு" என்போம். இளக்கிய கட்டு இன்னும் கட்டுத்தான், அவிழ்ந்துபோகவில்லை. காலபோகம் என்கிற மாரிகால நெற்செய்கைக்கு முதல் மழை விழுந்ததும் வயல் மண் இளகும், கலப்பை இறங்கும். இறுக்கத்துக்கு எதிர்ச்சொல் கேட்டால் வன்னியில் எந்தப் பிள்ளையும் இளக்கம் என்றுதான் சொல்லும். கேட்டதும் இளமையும் இளந்தளிரும் பக்கத்தில் வந்து நிற்கும். தளர்வைக் கேட்டால் வருவது முதுமை.

அம்மம்மா கிடுகு பின்னுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தென்னோலையை மட்டையோடு இரண்டாகப் பிளந்து தண்ணீரில் ஊறப்போடுவார். காய்ந்த ஓலை மடித்த இடத்தில் முறியும். ஊறிய ஓலை விரல் போன பக்கம் வளையும், ஆனால் உள்ளே ஈர்க்கு ஈர்க்காகவே நிற்கும். அந்தக் கிடுகுதான் கூரையில் கிடந்து மாரிமழையைத் தாங்கும். சொங் அதுதான். அந்த ஓலையைத் தளர்ந்த ஓலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு சொல்லையும் விடமுடியாது. 'திங் ஜின்' என்பதை 'ஆற்றல் விழிப்புணர்வு' என்று கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு வன்னியில் விழிப்புணர்வு இல்லாத மதில் இல்லை: டெங்கு விழிப்புணர்வு, கண்ணிவெடி விழிப்புணர்வு. திட்ட அறிக்கைத் தமிழ் எங்கள் பேச்சுக்குள்ளும் புகுந்துவிட்டது, எதற்கும் அதே ஒட்டுச்சொல். திங் என்றால் கேட்டல். பழைய எழுத்துக்குள் காதும் இருக்கிறது, நெஞ்சும் இருக்கிறது. ஜின் என்பது பழகிப் பழகி வரும் வலு. வெறும் தசைப்பலத்துக்குச் சீனத்தில் வேறு சொல் உண்டு. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து நிற்கையில், எதிராளியின் தள்ளல் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று தோலால் அறிவதே திங் ஜின். ஓர் இறகின் பாரம்கூடத் தெரியவேண்டும், ஓர் ஈகூட வந்து குந்த முடியாது என்கிறது பழைய தாய்ச்சி நூல். இதில் விழிக்கு என்ன வேலை?

தொல்காப்பியம் 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்று தொடுபுலனைத்தான் முதல் அறிவாக வைக்கிறது. உற்றறிதல்: தொட்டு அறிதல். இத்தனை நூற்றாண்டாகக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிற சொல் அது. ஊறு என்று சுருக்கலாம், ஆனால் இன்றைய காதுக்கு அது தீங்கு என்று படும். அதனால் உற்றறிதல் என்றே வைப்போம்.

இளக்கம், உற்றறிதல்: இந்த இரண்டு சொல்லும் ஒன்றை விட்டு ஒன்று நிற்காது. சின்ன வயதில் மாமாவோடு குளக்கட்டில் கைத்தூண்டில் போட்டிருக்கிறேன். தங்கூசி நூலைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற விரல்களை இளக்கி வைத்திருப்பார். நான் இழுத்துப் பிடிப்பேன், என் கையின் விறைப்புத்தான் எனக்குத் தெரியும். தொய்யவிட்டால் ஒன்றுமே தெரியாது. "கொத்துது" என்பார் மாமா. நான் தண்ணீரைப் பார்ப்பேன். ஒரு வட்டம்கூட இராது.