பைலட்: கப்பலில் ஏறுகிறவருக்குத் தமிழில் என்ன பெயர்?

மதுரையில் ‘பைலட்’ என்றால் அவனியாபுரம் பக்கம் தாழ்ந்து இறங்கும் விமானத்தை ஓட்டுபவர். இல்லையா, அமைச்சர் காருக்கு முன்னால் சைரன் அடித்துப் போகும் போலீஸ் வண்டி. தூத்துக்குடிக்கோ பாம்பனுக்கோ போனால் அதே சொல்லுக்கு வேறு ஆள் வருவார்: துறைமுகத்துக்குள் வரும் கப்பலில் ஏறி வழி சொல்பவர்.

உண்மையில் கடல்காரர்தான் மூத்தவர். சுக்கான் துடுப்பைக் குறித்த ‘பேடோன்’ என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்து, இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. விமானம் ஏறியதெல்லாம் அப்புறம்.

நடுக்கடல் கேப்டனுக்கு அத்துபடி. ஆனால் ஒரு துறைமுகத்து வாசலில் எங்கே மணல்மேடு, நீரோட்டம் எப்போது திரும்பும் என்பது உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும். அவர் சிறு படகில் போய், கப்பலின் விலாவில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறுகிறார். படகு அலையில் எழுந்து தாழும்போது ஏணிக்குக் கால் மாற்றும் அந்த நொடிதான் உயிருக்கு உலை. நீர்மட்டத்திலிருந்து 9 மீட்டருக்கு மேல் ஏற வேண்டுமென்றால் கயிற்றேணி மட்டும் போதாது, சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அவர் ஏறியதும் பாதி வெள்ளை, பாதி சிவப்புக் கொடி பறக்கும்.

1908 இந்தியத் துறைமுகச் சட்டம், அறிவிக்கப்பட்ட துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் பைலட்டோ துறைமுக அதிகாரியோ இல்லாமல் நுழையக் கூடாது, வெளியேறக் கூடாது, நகரவும் கூடாது என்றது. அதன் இடத்தில் 2025இல் புதுச் சட்டம் வந்தது. பைலட் ஏறிவிட்டார் என்பதற்காகக் கேப்டனின் பொறுப்பு போய்விடாது.

சரி, தமிழில்? ‘விமானி’ பேச்சுக்கே இடமில்லை. ‘மாலுமி’, கற்பிப்பவர் என்ற பொருளுடைய ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. ஒரு காலத்தில் வழி அறிந்தவர், இன்று கப்பலில் வேலை பார்க்கும் எவரும். ‘மீகாமன்’ அழகான பழஞ்சொல்தான், சிலர் இதையே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதில் கப்பல் தலைவனின் தோரணை இருக்கிறது. அதைக் கேப்டனுக்கு விட்டுவிடலாம்.

என் ஓட்டு ‘துறைமுக வழிகாட்டி’க்கு. வெறும் ‘வழிகாட்டி’ என்றால் மீனாட்சி கோயில் வாசலில் நிற்கும் கைடு நினைவுக்கு வருவார். அவர் செய்யும் வேலையான பைலடேஜ் ‘வழிகாட்டல்’, அதற்கு வாங்கும் பணம் ‘வழிகாட்டல் கட்டணம்’. செய்தியில் இப்படி எழுதலாம்: ‘துறைமுக வழிகாட்டி ஏறிய பிறகே சரக்குக் கப்பல் பாம்பன் கால்வாயைக் கடந்தது.’