கத்தரிக்காயும் வடிகஞ்சியும்: ஒரு சிசிலி உணவின் அறிவியல்

சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், எட்னா எரிமலையின் அடிவாரத்தில் அமைந்த கத்தானியா நகரின் பேராலயச் சதுக்கத்தை ஒட்டி, லா பெஸ்கெரியா என்னும் மீன் சந்தை காலை முழுவதும் இரைச்சல் ஓயாமல் நடக்கிறது. அதைச் சுற்றியுள்ள சந்துகளில் டிராட்டோரியா எனப்படும் சிறு உணவகங்கள் இருக்கின்றன. மீன் வாடைக்கு நடுவே இருந்தாலும், அந்நகரின் அடையாளமாகக் கருதப்படும் உணவில் மீன் கிடையாது. பொரித்த கத்தரிக்காய், தக்காளிச் சாறு, உப்பிட்ட ரிக்கோட்டா பாலாடைக்கட்டி, நம்மூரில் திருநீற்றுப்பச்சை எனப்படும் இனத்தைச் சேர்ந்த பேசில் இலை ஆகியவை பாஸ்தா என்னும் கோதுமை மாவுப் பண்டத்தோடு சேர்ந்த 'பாஸ்தா அல்லா நோர்மா'தான் அது. இத்தனை எளிய பொருள்கள் ஒன்றுகூடி எப்படி இவ்வளவு சுவை தருகின்றன என்று ஆராய்ந்தால், சமையல்காரர் நீரை எங்கே வெளியேற்றுகிறார், எங்கே பிடித்து வைக்கிறார் என்பதில்தான் விடை இருக்கிறது.

கத்தரிக்காய் தெற்காசியப் பகுதியில் வேளாண் பயிராக்கப்பட்ட காய். 9ஆம் நூற்றாண்டில் சிசிலியைக் கைப்பற்றத் தொடங்கிய அரபியர் வழியாக அத்தீவை அடைந்தது என்பதே பொதுவான கருத்து. அதன் சதையில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர் இருந்தாலும், செல்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகளும் ஏராளம். காயை அழுத்தினால் பஞ்சுபோல அமுங்குவதற்கு இவைதான் காரணம்; எண்ணெயைக் குடிப்பதற்கும் இவைதான் காரணம். வெட்டிய துண்டுகளை உப்பில் பிசறிச் சற்று நேரம் வைத்தால், சவ்வூடு பரவலால் செல்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. விறைப்பை இழந்த செல்கள் தளர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, காற்றிடைவெளிகள் சுருங்கிவிடுகின்றன. கசப்பை நீக்கவே உப்பிடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய வகைகளில் கசப்பு குறைவு என்பதால், எண்ணெய் புகும் வழிகளை அடைப்பதே உப்பின் முதன்மையான பயன் என்பேன்.

இதைவிட வியப்பானது, பொரிக்கும்போது நிகழ்வது. ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியசு வரை காய்ந்த எண்ணெயில் துண்டைப் போட்டவுடன் மேற்பரப்பிலிருந்து குமிழிகள் சீறி வருகின்றன அல்லவா? அவை உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுவதன் அடையாளம். அந்த ஆவி வெளிநோக்கித் தள்ளும் வரை எண்ணெய் எளிதில் உள்ளே நுழைய முடியாது. துண்டை வாணலியிலிருந்து எடுத்து அது ஆறத் தொடங்கும்போது, உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்கி, அழுத்தம் குறைகிறது. அப்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. பொரித்த பண்டங்களில் சேரும் எண்ணெயின் பெரும்பகுதி இப்படி எடுத்த பிறகே ஏறுகிறது. ஆகையால், துண்டுகளை எடுத்த கணமே எண்ணெயை வடித்து ஒற்றி எடுக்கும் சமையல்காரர்தான் அதன் பொன்னிற மேலோட்டையும் வெண்ணெய்போன்ற உட்பகுதியையும் காப்பாற்றுகிறார்.

பாஸ்தாவின் கதை இதற்கு நேரெதிர். அரபிப் புவியியலாளர் அல் இத்ரீசி, 1154இல் நிறைவுற்ற தம் நூலில், பலேர்மோவுக்கு அருகிலுள்ள திராபியாவில் மாவுப் பண்டம் பெருமளவில் தயாரிக்கப்பட்டுக் கப்பல்களில் அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுகிறார். உலர்ந்த பாஸ்தாவில் ஈரப்பதம் 12.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இத்தாலியச் சட்டம். அந்த வறட்சிதான் அதைக் கடல் கடந்தும் கெடாமல் வைத்திருக்கிறது. கொதிநீரில் இட்டதும் நீர் வெளியிலிருந்து உள்நோக்கி ஊறுகிறது. சுமார் 60 பாகையைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழைகின்றன; டியூரம் என்னும் கடினக் கோதுமையின் குளூட்டன் புரதம் பின்னிய வலுவான வலை அவற்றைச் சிதறாமல் பிடித்துக்கொள்கிறது. நடுப்பகுதியில் நீர் முழுதாக ஊறும் முன்பே எடுத்துவிட்டால், பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டும் அந்தப் பதம் கிடைக்கிறது.

இருந்தும் கொஞ்சம் மாவுச்சத்து வலையிலிருந்து நழுவித் தண்ணீரில் கலந்துவிடுகிறது. சோறு வடித்த கஞ்சியைக் குழகுழப்பாக்கும் அதே சத்துதான் இது. பல சிறு உணவகங்களில் ஒரே பெரிய பானையில் அடுத்தடுத்து வரும் வாடிக்கையாளர்களுக்காகப் பாஸ்தா வெந்துகொண்டே இருப்பதால், நேரம் ஆக ஆக அந்த நீர் கலங்கிக் கெட்டியாகிறது. வீட்டில் புதுத் தண்ணீரில் ஒரு முறை வேகவைப்பவர்களுக்கு இவ்வளவு வளமான நீர் கிடைப்பதில்லை. பாஸ்தாவை ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்து, தக்காளிச் சாறும் எண்ணெயும் உள்ள வாணலியில் இட்டு, இந்த நீரில் ஒரு கரண்டி ஊற்றி வேகமாகக் குலுக்கும்போது, எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுகிறது. கரைந்துள்ள மாவுச்சத்து நீரைக் கெட்டியாக்கி, அத்துளிகள் மீண்டும் ஒன்றுசேர்ந்து மேலே மிதப்பதைத் தாமதப்படுத்துகிறது. தட்டின் அடியில் நீர் ஒருபுறமும் எண்ணெய் ஒருபுறமுமாகத் தேங்காமல், சாறு பாஸ்தாவின் ஒவ்வொரு துண்டின்மேலும் பூசிக்கொள்கிறது.

மேலே துருவிப் போடும் ரிக்கோட்டா உருகாது. பாலாடைக்கட்டி செய்த பின் மிஞ்சும் மோர்த்தெளிவை 80 முதல் 90 பாகை வரை சூடாக்கித் திரட்டப்படும் புரதங்கள் சூட்டினாலேயே ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. எனவே மறுபடியும் சூடு பட்டாலும் அவை குழைவதில்லை. உப்பிட்டு, அழுத்தி, நீரிறக்கி உலர்த்திய அந்தக் கட்டி, கத்தரிக்காயின் கொழுப்புச் சுவையைத் தன் உப்புக் கரிப்பால் ஈடுகட்டுகிறது. பேசில் இலையின் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடுவதால் அதைக் கடைசியில்தான் கிள்ளிப் போட வேண்டும்.

இந்த உணவுக்குச் சிறிய உணவகமே பொருத்தம் என்பதற்கு ஓர் அறிவியல் காரணமும் உண்டு. ஆறத் தொடங்கியவுடன், கரைந்திருந்த மாவுச்சத்தின் சங்கிலிகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள, சாறு இறுகி, பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. சில நிமிடத் தாமதமே போதும். அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் மேசை இருக்கும் இடத்தில், குலுக்கிய வாணலியின் பளபளப்பு மறைவதற்குள் தட்டு உங்கள் முன் வந்துவிடுகிறது.