மாலை கட்டியது நான், காசு வாங்கியது யாரோ

போன வைகாசியில் ஒரு அறுபதாம் கல்யாணம். மகன் சிங்கப்பூரில். அவர் இணையத்தில் ஒரு பூக்கடைப் பக்கத்தில் ஜோடி ரோஜா மாலைக்கு 4,500 ரூபாய் கட்டியிருக்கிறார். மாலை கட்டும் எனக்கு அந்தப் பக்கத்துக்காரரிடமிருந்து வந்ததோ வாட்ஸ்அப்பில் ஒரு படமும், ‘1,800-க்கு முடிச்சுக் கொடுங்கண்ணே’ என்ற வரியும்தான். படத்தில் முழுக்க ரோஜா இதழைக் கோத்த கனமான மாலை. இந்தக் காசுக்கு அது வராது என்றேன். ‘பார்த்துப் பண்ணுங்க’ என்று பதில் வந்தது. சம்பங்கியைக் கூட்டி, ரோஜாவை இடையிடையே வைத்துக் கட்டினேன். மண்டபத்தில் கொடுக்கும்போது வீடியோ காலில் மகன், “இதுக்கா 4,500?” என்றார். மாலையோடு நின்ற எனக்குத்தான் திட்டு. ஒத்துக்கொண்டது என் தப்புதான்.

‘மதுரை பூக்கடை’ என்று தேடினால் மேலே வரும் விளம்பரங்களில் சில, கடையே இல்லை. ஊர்ப் பெயரோடு ஒரு பக்கம், எங்கிருந்தோ எடுத்த படங்கள், ஒரு செல் நம்பர். அவ்வளவுதான் கடை. ஆர்டரை வாங்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எங்களிடம் தள்ளிவிடுவார்கள். கமிஷனைக் குறை சொல்லவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விவசாயியின் பூவையும் கமிஷன் கடைதான் விற்றுத் தருகிறது. அது எல்லாருக்கும் தெரிந்தே நடப்பது. கடையே இல்லாமல் ‘நாங்கதான் கடை’ என்பதுதான் ஏமாற்று.

போனில் பேசுபவரிடம், ‘இன்னைக்கு மல்லி கிலோ என்ன விலை?’ என்று கேட்டுப் பாருங்கள். பூ விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் ஆயிரங்களில் போகும். முகூர்த்தம் இல்லாத நாளில் சில நூறுக்கு இறங்கிவிடும். கடைக்காரன் யோசிக்காமல் சொல்வான், கூடவே கொஞ்சம் புலம்புவான். இடைத்தரகர், ‘வெப்சைட்ல பாருங்க மேடம்’ என்பார். வருஷம் முழுக்க ஒரே விலை போட்டிருந்தாலும் உஷாராகுங்கள். பூ விலை ஏறும்போது உங்கள் மாலைதான் இளைக்கும்.

கடை எந்தத் தெரு, எதிரே என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். கூகுள் மேப்பில் வாடிக்கையாளர் எடுத்த படத்தில் கடைப் பலகை தெரிகிறதா பாருங்கள். இதைவிடச் சுலபம், ஊரில் இருக்கும் சித்தியிடம் கேட்டு அவர் வழக்கமாகப் பூ வாங்கும் கடையின் நம்பரை வாங்கிக்கொள்வது. என்ன பூ, மாலை எத்தனை அடி என்பதை வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்புங்கள். முன்பணம் கொஞ்சம் கொடுத்து, கட்டிய மாலையின் படம் வந்த பிறகு மீதியைக் கொடுங்கள். நல்ல கடை இதற்குக் கோபப்படாது.

இணையத்தில் விற்பவர் தன் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் குறைதீர் அலுவலர் விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அது இல்லாத பக்கத்தில் பணம் கட்டாதீர்கள். மட்டமான பூ வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

அந்தச் சிங்கப்பூர் மகன் இப்போது நேராக எனக்கே போன் செய்கிறார். அம்மா பிறந்தநாளுக்கு நாலு முழம் மல்லிச் சரம் கேட்டார். விலையைச் சொன்னதும், “அவ்வளவா!” என்று மலைத்தார்.

“மார்கழி சார்” என்றேன்.