பிக்கிள்பால் மட்டையும் பென்சில் ரப்பரும்

‘மட்டையின் முகத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு கோடாகப் படிந்துவிட்டது. ஈரத்துணி, சோப்பு, வெந்நீர் எல்லாம் பார்த்தாயிற்று, அசையவில்லை. உடன் ஆடுபவர் ஒரு ரப்பர் கட்டியை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார், போய்விட்டது. சோப்புக்கு மசியாத அழுக்கு ரப்பருக்கு எப்படி மசிகிறது? இன்னொன்று: கைப்பிடியைக் காய வைத்து எடுத்தாலும் மறுநாள் மறுபடி ஈரமாக இருப்பது ஏன்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியைக் கடைசியில் பார்க்கலாம். முதல் கேள்விதான் எனக்குத் தீனி.

பிக்கிள்பால் தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில்: 1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், பொழுது போகாத பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து உண்டாக்கிய ஆட்டம். துளையிட்ட பிளாஸ்டிக் பந்து, நரம்பில்லாத தட்டை மட்டை. அன்றைக்கு மட்டை என்றால் ஒட்டுப்பலகை. இன்றைக்கு நடுவில் தேன்கூடு போன்ற பாலிபுரோப்பிலீன் அறைகள், இரு பக்கமும் எபாக்சிப் பிசினில் தோய்ந்த கார்பன் இழைத் தகடு.

அந்தத் தகட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அரத்தில் ஓட்டியதுபோல் ‘சர்ர்’ என்கிறது. இந்தச் சொரசொரப்பு கார்பனுடையது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்பன் இழை ஒன்றின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரோமீட்டர்தான். அதுவும் பிசினுக்குள் புதைந்து கிடக்கிறது. நகத்தில் இடறுவது ஒரு துணியின் அச்சு. தகட்டை வார்க்கும்போது, இறுகாத பிசின்மேல் நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி ஒன்றை விரித்து அழுத்துகிறார்கள். பிசின் இறுகியதும் துணியை உரித்து எறிந்துவிடுகிறார்கள். நூல் கிடந்த இடம் பள்ளம், நூலுக்கு நூல் இடைவெளி இருந்த இடம் மேடு. மட்டையைத் தடவுகிறவர் அங்கே இல்லாத ஒரு துணியைத்தான் தடவுகிறார்! (எல்லா மட்டையும் இப்படியில்லை. சிலவற்றில் பெயின்டில் பொடித்துகளைக் கலந்து பூசியிருப்பார்கள்; அவை சீக்கிரம் மழுங்கிவிடும்.)

இந்த மேடுபள்ளத்துக்கு அமெரிக்க பிக்கிள்பால் அமைப்பு விதித்த சராசரி உயர வரம்பு 30 மைக்ரோமீட்டர். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் மட்டை பந்தைக் கவ்வுகிறது. கவ்வுவதால் பந்து சுழல்கிறது. சுழல்வதால் காற்றில் வளைந்து இறங்குகிறது. மேக்னஸ் விளைவு, பள்ளிப் பாடம், மேலே போகலாம்.

கொடுக்கல் இருந்தால் வாங்கலும் இருக்கும். மட்டை பந்துக்குச் சுழற்சியைக் கொடுக்கிறது, பந்திலிருந்து பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு மேடும் ஒரு குட்டித் துருவலகு. பந்து உரசிக்கொண்டு போகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு சீவி எடுக்கிறது. சீவல் பக்கத்துப் பள்ளத்தில் விழுகிறது. அடுத்த அடியில் பந்தே அதை உள்ளே திணிக்கிறது. இப்படிச் சில நூறு அடிகள் விழுந்ததும் பள்ளங்கள் தூர்ந்து, பந்தின் பிளாஸ்டிக் மட்டையிலிருக்கும் பந்தின் பிளாஸ்டிக் மேலேயே வழுக்க ஆரம்பிக்கிறது. ‘என் சுழல் போய்விட்டது’ என்று பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள் முதலில் மட்டையின் முகத்தைப் பார்ப்பது நல்லது.

சோப்பு ஏன் தோற்கிறது? சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய்த் துளியைச் சுற்றி வளைத்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போவதுதான் அதன் தொழில். பந்துகள் பெரும்பாலும் பாலிஎதிலீன் வகைப் பிளாஸ்டிக். அதன் மூலக்கூறுகள் நீள நீளமான சங்கிலிகள், ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பவை. சோப்பு அதைத் துளியாக உடைக்க முடியாது. சரி, கரைத்துவிடலாமே என்றால், அறை வெப்பநிலையில் பாலிஎதிலீனைக் கரைக்கும் வீட்டுத் திரவம் எதுவும் கிடையாது. இதைத் தெரிந்து வைத்திருந்தும் ஒரு நாள் அவசரத்தில் பெயின்ட் தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். மஞ்சள் கோடு அப்படியே நின்றது. மட்டையில் அச்சிட்டிருந்த எழுத்துகள் மட்டும் துணிக்குக் குடிமாறிவிட்டன.

இப்போது ரப்பர். கெட்டியான இரண்டு பொருள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முழுப்பரப்பும் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் மேட்டு நுனிகள் மட்டுமே தொடுகின்றன. மெய்யான தொடுபரப்பு நாம் கண்ணால் பார்க்கும் பரப்பில் துளியூண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உராய்வை ஆராய்ந்த பௌடனும் டேபரும் இதை விளக்கினார்கள். தூரிகையின் மயிரும் துணியின் நூலும் மேடுகளின் உச்சி வழியாகவே ஓடிவிடுகின்றன. பள்ளத்தில் இருப்பவனைப் பார்ப்பதே இல்லை.

ரப்பரின் மீட்சிக் குணகம், அதாவது வளையாமல் முரண்டு பிடிக்கும் அளவு, சுமார் 1 மெகாபாஸ்கல். கார்பன் இழைக்கு 230 கிகாபாஸ்கல், அதாவது இரண்டு லட்சம் மடங்குக்கு மேல். கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே ரப்பர் பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே அப்பியிருக்கும் பிளாஸ்டிக்கின்மேல் படிந்துவிடுகிறது. படிந்த பிறகு நடப்பதுதான் அழகு. எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையில் வான் டெர் வால்ஸ் விசை என்று ஓர் ஈர்ப்பு உண்டு. பல்லி சுவரில் ஒட்டுவதும் அதனால்தான். ஆனால் இந்த விசையின் கை மிகக் குட்டை. சில நானோமீட்டர் விலகினாலே பிடி விட்டுப்போகும். கெட்டிப் பொருள்கள் பெரும்பகுதிப் பரப்பில் அவ்வளவு நெருங்குவதே இல்லை. வளைந்து கொடுக்கும் ரப்பர் நெருங்குகிறது. விரலை இழுக்கும்போது ரப்பர் முதலில் நகராமல் நீள்கிறது, தாங்க முடியாத கட்டத்தில் வெடுக்கென்று விடுபடுகிறது. விடுபடும்போது பள்ளத்துச் சீவலைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது.

அதோடு முடியவில்லை. பூதக்கண்ணாடி இருந்தால் தேய்த்த இடத்தில் சிந்தும் தூளைப் பாருங்கள். தூள் என்று பெயரே தவிர, ஒவ்வொன்றும் இரு முனையும் கூர்ந்த திரி, பாயைச் சுருட்டியதுபோல். சுருளுக்குள்ளே மஞ்சள் பொட்டுகள். ரப்பர் தன் மேல்தோலைத் தானே உரித்து, அதில் அழுக்கைச் சுருட்டி வெளியே தள்ளுகிறது. அடியில் புதுத்தோல் தயார். அழுக்கான துணி அழுக்கைப் பரப்பும். ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. மரவேலைக்காரர்கள் மரத்தூள் அடைத்த உப்புத்தாள் பட்டையை ரப்பர் கட்டியால் சுத்தம் செய்வது இதே வித்தை. பென்சில் எழுத்தை அழிப்பதும் இதுதான். 1770-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி இந்தப் பொருள் கரிக்கோட்டை அழிப்பதைக் குறித்து வைத்தார். தேய்ப்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்தே இதற்கு ரப்பர் என்று பெயர் வந்தது. அதற்கு முன்பு ரொட்டித் துணுக்கால் அழித்துக்கொண்டிருந்தார்கள்.

1971-ல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ரப்பர் உருண்டைகளை மெல்ல அழுத்தி, தொடுபரப்பை அளந்தார்கள். ஒட்டும் விசையைக் கணக்கில் சேர்க்காமல் ஹெர்ட்ஸ் 1882-ல் தந்த சூத்திரம் சொல்வதைவிட அது பெரிதாக இருந்தது. அழுத்தவே இல்லாதபோதும் ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கணக்கு இன்று ஒட்டுநாடா முதல் செல் ஆராய்ச்சிவரை புழங்குகிறது. ‘ரப்பர் உருண்டையை அழுத்திப் பார்க்கப் போகிறோம்’ என்று இன்று ஒரு நிதிக் குழுவிடம் விண்ணப்பித்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்: ‘இதனால் யாருக்கு என்ன பயன்?’ 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்குக் காட்டியது. அதற்குப் பிறகும் இந்தத் துறை சவலைப் பிள்ளையாகத்தான் இருக்கிறது.

ரப்பரைத் தொடும் முன் மண்தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் பிசின் மேடுகள்தான் தேயும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்; மேட்டை வெட்டிவிடும், சொரசொரப்பைக் கூட்டுவதற்காக முகத்தை மாற்றுவது போட்டி விதிகளுக்கும் விரோதம். மட்டையைத் தண்ணீரில் முக்காதீர்கள். விளிம்பில் விரிசல் இருந்தால் தேன்கூட்டுக்குள் நீர் போய்விடும். தேய்ந்துபோன மேடு எந்த ரப்பராலும் முளைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கைப்பிடிக்கு வருவோம். வியர்வையில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். நேற்று காய்ந்த கிரிப் (கைப்பிடியின் மேல்சுற்று) இன்று யாரும் தொடாமலே நனைந்திருப்பது இதனால்தான். வெறுமனே உலர்த்தினால் போதாது. ஆடி முடித்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்தெடுத்து, பிறகு நிழலில் காற்றாட விட வேண்டும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. கிரிப்பில் பிசுக்கு இருந்தால் முகத்தைத் துடைத்த கையும் வெயில் கிரீமும்தான் காரணம். இங்கே துளி சோப்பு வேலை செய்யும். நாற்றம் வியர்வையுடையது அல்ல, அதைத் தின்னும் பாக்டீரியாவுடையது.

கழுவிய பிறகும் கிரிப் பசைபோல் கையோடு வந்தால் அதன் பாலியூரித்தேனே ஈரத்தால் சிதையத் தொடங்கிவிட்டது. பழைய காலணியின் அடிப்பாகம் பொடிந்து விழுவதும் இதே வேதியியல். மாற்றிவிடுங்கள். ‘ஜெயித்த கிரிப், ராசியானது’ என்று கறுத்துப்போன சுற்றோடு ஆடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ராசியில் பாதி பாக்டீரியா.

பெட்டியில் கிடக்கும் வெள்ளை அழிரப்பர் உதவுமா என்றால், அவசரத்துக்கு உதவும். ஆனால் அவற்றில் பல ரப்பரே அல்ல, மென்மையாக்கும் எண்ணெய் சேர்த்த வினைல். ஜியோமெட்ரி பெட்டியில் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுத்தால் ஸ்கேலில் தன் உருவத்தைப் பதித்திருக்குமே, அதேதான். அதை மட்டையோடு ஒரே உறைக்குள் போட்டு வைக்காதீர்கள்.