ஒரு ++ செய்யும் இரண்டு வேலை

சி, ஜாவா என்று எந்த நிரல் மொழியைப் படிக்கத் தொடங்கினாலும் முதல் சில பாடங்களுக்குள்ளேயே ++ என்ற குறி வந்துவிடும். மாறியில், அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கப் பெயர் கொடுத்த இடத்தில், இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்று பொருள். எண் = எண் + 1 என்பதைச் சுருக்கி எண்++ என்று எழுதுகிறோம். சரி, அப்படியானால் ++எண் என்று முன்னால் போட்டும் எழுதுகிறார்களே, அது என்ன? ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும்போது அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

தனி வரியாக எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இன்னொரு கணக்குக்கு நடுவில் எழுதும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஏனென்றால் இந்தக் குறி இரண்டு வேலை செய்கிறது. மாறியை மாற்றுகிறது, கூடவே, தான் நிற்கும் இடத்துக்கு ஒரு மதிப்பையும் தருகிறது. தருவது பழைய மதிப்பா, புதிய மதிப்பா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனுக்கு வரிசை எண் போட நாமே ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எண் என்ற மாறியில் இப்போது 41 இருக்கிறது.

டோக்கன் = எண்++;

வந்து நிற்கும் படகுக்கு 41 கிடைக்கும், மாறி 42 ஆகிவிடும்.

டோக்கன் = ++எண்;

இங்கே மாறி முதலில் 42 ஆகும், படகுக்கும் 42 தான் போகும். இரண்டு வழியிலும் மாறியில் கடைசியாக நிற்பது 42; படகுக்காரர் கையில் உள்ள எண்தான் வேறு. அந்த மாறிக்கு நாம் என்ன பொருள் வைத்தோம் என்று கேட்டுக்கொண்டால் எதை எழுதுவது என்பது தெளிவாகிவிடும். ‘அடுத்துக் கொடுக்க வேண்டிய எண்’ என்றால் எண்++. ‘கடைசியாகக் கொடுத்த எண்’ என்றால் ++எண்.

இதைப் புரிந்துகொண்ட மாணவரையும் குழப்புகிற ஒரு கேள்வி தேர்வுகளில் வருவதுண்டு: எண் 5 என்றால் எண்++ + ++எண் எவ்வளவு? ஜாவாவில் இதற்கு விடை உண்டு. இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்று அந்த மொழியே விதித்திருக்கிறது. முதலில் 5, அதற்குள் மாறி 6 ஆகிவிடுவதால் பிறகு 7, மொத்தம் 12. சி மொழியில் விடையே கிடையாது. ஒரே கணக்குக் கோவைக்குள் ஒரே மாறியை இப்படி இரண்டு முறை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை அந்த மொழியின் விதிகளைச் சொல்லும் தரநிலை வரையறுக்காமல் விட்டிருக்கிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் உங்கள் கம்பைலர் ஒரு எண்ணைக் காட்டலாம், அது இன்னொரு கம்பைலரில் மாறலாம். சி தேர்வில் இந்தக் கேள்விக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இப்படி எழுதக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

++ அதிகம் புழங்குவது, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்பில்தான். நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இரண்டு தேதியையும் சேர்த்து எண்ணினால் 61 நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி அச்சிட (நாள் = 1; நாள் <= 61; நாள்++) என்று எழுதலாம். சுழியத்தில் தொடங்கினால் நாள் < 61 என்று மாற்ற வேண்டும். தொடக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு <= குறியை அப்படியே விட்டால் 62 வரி வந்து நிற்கும். இந்த இடத்தில் நாள்++ என்றாலும் ++நாள் என்றாலும் விடை மாறாது. தரும் மதிப்பை யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

இந்தக் குறியை உருவாக்கியவர் பெல் ஆய்வகத்தின் கென் தாம்ஸன். சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் சேர்த்தார். அப்போது அவர் வேலை செய்த பிடிபி-7 கணினியில் சில நினைவறைகள் இருந்தன; அவற்றின் வழியே நினைவகத்தைத் தொட்டாலே அவற்றில் இருக்கும் எண்ணோடு தானாக ஒன்று கூடிக்கொள்ளும். யோசனை அங்கிருந்து வந்திருக்கலாம் என்றும், ++ போட்டால் மொழிபெயர்ந்து வரும் இயந்திர நிரல் சிறியதாக இருந்ததே பெரிய காரணமாக இருக்கலாம் என்றும் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார்.

அந்தத் தேவை இப்போது இல்லை. இன்றைய கம்பைலருக்கு எண் = எண் + 1 என்றாலும் எண்++ என்றாலும் ஒன்றே. பைத்தான் மொழியில் இந்தக் குறி கிடையாது, எண் += 1 தான். அங்கே ++எண் என்று எழுதினால் பிழையும் காட்டாது, ஒன்றும் கூட்டாது. +5 என்பதில் வருவதுபோன்ற கூட்டல் குறியை இரண்டு முறை அடுத்தடுத்துப் போட்டதாக எடுத்துக்கொள்ளும். ஸ்விஃப்ட் மொழி 2016-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ++ குறியை நீக்கிவிட்டது. கோ மொழியில் எண்++ உண்டு, ஆனால் தனி வரியாக மட்டும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. எண்++ பார்க்க ஒரே செயல்போல இருந்தாலும் உள்ளே படி, கூட்டு, திரும்ப எழுது என்று மூன்று படிகள். டோக்கன் நிரலை இரண்டு த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு செயலோட்டம், ஒரே நேரத்தில் ஓட்டுவதாக வையுங்கள். முதலாவது 41-ஐப் படித்து, 42 என்று திரும்ப எழுதுவதற்குள் இரண்டாவதும் 41-ஐப் படித்துவிடலாம். இரண்டு படகுக்கும் 41, மாறியில் 43-க்குப் பதில் 42. பத்து முறை ஓட்டிப் பார்த்தால் ஒருமுறைகூடத் தெரியாமல் போகலாம், கூட்டம் நெருக்கும் அன்று தெரியும். இதற்காகவே ஜாவாவில் அட்டாமிக் இன்டிஜர் என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். மூன்று படியும் இடையில் யாரும் புக முடியாமல் ஒன்றாக நடக்கும். எடுத்துவிட்டுக் கூட்ட ஒரு கட்டளை, கூட்டிவிட்டு எடுக்க வேறொரு கட்டளை என்று அதில் தனித்தனிப் பெயரிலேயே இருக்கின்றன.