கார்பன் கல்லாக்கம்: ஒரு சொல் விளக்கம்

எரிமலைப் பாறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தும் தொழில்நுட்பத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் ‘கார்பன் சிறைவைப்பு’ என்ற சொல்லைக் கையாளுகின்றனர். அண்மையில் படித்த ஒரு கட்டுரை, சிறைவைத்த வாயு கல்லாகிவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அது தப்பிவிடாமல் கண்காணிக்கப்படுகிறது என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது. கல்லாகிவிட்ட பிறகு தப்புவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

மூலச்சொல்லான ‘சீக்வெஸ்ட்ரேஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது. இரு தரப்பினர் வழக்காடும் உடைமையை அவர்களுக்குப் பொதுவான ஒருவரிடம் ஒப்படைத்து வைப்பதே அதன் பழம்பொருள். பின்னர் சட்டத்தில் சொத்தைக் கையகப்படுத்துவதையும், வேதியியலில் ஓர் அயனியைப் பிணைத்துச் செயலற்றதாக்குவதையும் அது குறித்தது. இதை ‘வரிசைப்படுத்தல்’ என்று பெயர்த்தவர்களும் உண்டு. ‘சீக்வென்ஸ்’ என்று மயங்கியதால் வந்த அந்தப் பிழையோடு வாதிட வேண்டியதில்லை.

சிறைவைப்பு என்பதோ பிழையென்று எளிதில் தெரியாத பிழை. நார்வேயின் ஸ்லைப்னர் கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் கடற்படுகைக்குக் கீழுள்ள மணற்கல் அடுக்குக்குள் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. மணற்கல்லின் நுண்துளைகளில் அது தங்குகிறது. மேலே உள்ள களிப்பாறை மூடியாக நின்று தடுக்கிறது. மூடி விரிசல் கண்டால் வாயு மேலேறக்கூடும் என்பதால் காவலும் வேண்டும். அங்கே சிறை என்ற சொல் ஓரளவு பொருந்தும், மறுக்கவில்லை. அதையே அப்படியே தூக்கி வந்து பசால்ட் என்னும் எரிமலைப் பாறையின் மேல் வைப்பதுதான் தவறு.

ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டி புவிவெப்ப மின்நிலையத்தை ஒட்டி, கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தினர் 2012-இல் கரியமில வாயுவை நீரில் கரைத்து 400 முதல் 800 மீட்டர் வரையிலான ஆழத்தில் உள்ள பசால்ட்டுக்குள் செலுத்தினர். சோடாவைப் போன்ற அந்த நீர் அமிலத்தன்மை கொண்டது. அது பாறையை அரித்து, அதிலுள்ள கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றை விடுவிக்கிறது. அவை கரைந்த கார்பனோடு கூடிக் கால்சைட் முதலிய கார்பனேட் கனிமங்களாகப் படிகின்றன. செலுத்தியதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வாறு படிந்துவிட்டதாக 2016-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழ் வெளியிட்ட கட்டுரை தெரிவித்தது. கண்காணிப்புக் கிணற்றில் இறக்கியிருந்த நீர்மூழ்கிப் பம்பு இடையில் பழுதானது. வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன்மேல் கால்சைட் படிந்திருந்தது. அடையாளம் காண்பதற்காகக் கலந்து அனுப்பிய கதிரியக்கக் கார்பன் அந்தப் படிவிலும் இருந்தது. பம்பைப் பழுதாக்கிய இதனைச் சிறைக்கைதி என்று எந்த வாயால் சொல்வது?

‘சேமிப்பு’ என்ற சொல்லையும் ஏற்பதற்கில்லை. சேமித்தது பின்னர் எடுத்துப் பயன்படுத்துவதற்கு. ‘புதைப்பு’ இடத்தைச் சொல்கிறது; நிகழும் மாற்றத்தைச் சொல்வதில்லை. புதைத்தது அங்கே அப்படியே கிடக்கவும் கூடும்.

எஞ்சியிருக்கும் வலுவான போட்டிச் சொல் ‘கனிமமாக்கம்’. பாடநூல்களுக்குப் பழகிய சொல். வேதியியல் நோக்கில் குற்றமும் இல்லை. ஆயினும் மண்ணியலாரிடம் கார்பன் கனிமமாக்கம் என்றால், மண்ணிலுள்ள மட்கை நுண்ணுயிரிகள் சிதைத்துக் கரியமில வாயுவாக வெளியேற்றும் செயலைப் புரிந்துகொள்வார்கள். ஒரே சொல் ஒரு துறையில் வாயுவைக் கல்லாக்குவதையும், மற்றொன்றில் மண்ணிலிருந்து வாயுவை வெளிவிடுவதையும் குறித்தால், இரண்டையும் ஒரே அறிக்கையில் படிக்க நேரும் வாசகர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தமிழுக்கும் இறக்குமதி செய்யும் கட்டாயம் நமக்கில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லோடு நின்றுவிடுவதன் விளைவுகளில் இதுவும் ஒன்று.

ஆகவே ‘கல்லாக்கம்’ என்கிறேன். மரம் கல்லாவதற்கும் இச்சொல் பொருந்துமே என்று கேட்கலாம். தமிழ் இலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் பிரித்தே வைத்திருக்கிறது. மரத்துக்கும், மழைநீரில் கரைந்து பாறையைச் சேரும் கரியமில வாயுவுக்கும் காலங்காலமாகத் தானே நடப்பது கல்லாதல். மனிதர் முயன்று செய்விப்பது கல்லாக்கம். கல்லாதல் என்பதைப் படிக்காமலிருத்தல் என்றும் கொள்ள இடமுண்டு. கல்லாக்கத்துக்கு அந்த இடரும் இல்லை.

பசால்ட்டைக் ‘கருங்கல்’ என்று எழுதும் வழக்கத்தையும் இங்கேயே கண்டிக்க வேண்டும். தமிழர் கருங்கல் என்பது பெரும்பாலும் கிரானைட்டையும் அதன் உறவுப் பாறைகளையும். பசால்ட்டை விடக் கிரானைட்டில் கால்சியமும் மக்னீசியமும் குறைவு; இந்த வேலைக்கு அது ஏற்றதன்று. தூய தமிழ் வேண்டுவோர் எரிமலைக்குழம்புப் பாறை என்று எழுதட்டும். நீளம் என்று கருதுவோர் பசால்ட் என்றே எழுதட்டும். எனக்கு இரண்டாவதே உகந்தது.

எல்லா இடத்திலும் கல்லாக்கம் என்று எழுதுவதும் சரியாகாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வல்லூலா என்ற இடத்தில் 2013-இல் ஏறத்தாழ 1,000 டன் கரியமில வாயுவை நீரில் கரைக்காமல், உயர் அழுத்தத்தில் செறிவாக்கிப் பசால்ட்டுக்குள் செலுத்தினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எடுத்த பாறைத் துண்டுகளில் கார்பனேட் முடிச்சுகள் தென்பட்டன. அங்கே முதலில் நடந்தது உட்செலுத்தல். கல்லாக்கம் அதற்குப் பின் மெல்ல நடந்தது. எழுதுவோர் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.